கோட்டுக்குள்ளே அம்மா கிடையாது

“அப்படியேவா சொன்னாரு?”

“அப்படியே இல்லக்கா. கொஞ்சம் சர்க்கரை போட்டுத்தான் உன்கிட்ட சொல்றேன். அவரு சொன்னது இன்னும் கசப்பு.”

“சர்க்கரையை எடுத்துட்டுச் சொல்லு.”

“வேணாம்க்கா. நீ இன்னும் ஒரு நடை ஓட்டணும். பின்னாடி ஜனங்க உக்காந்திருப்பாங்க.”

அவள் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் போட்டுக்கொண்டு தம்பியை முறைத்தாள். கடைசி நிறுத்தத்தில் பஸ் காலியாக நின்றிருந்தது. புறப்பட இன்னும் நேரம் இருந்தது. முன்படியில் உட்கார்ந்திருந்த தம்பியின் சட்டைக் காலரில் யாருடைய தலைமுடியோ ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு தெரு தள்ளி முடிதிருத்தும் கடை வைத்திருப்பவன். யார் யாரைப் பற்றி என்ன சொன்னாலும் அது அவன் கடை நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அவன் காது வழியாக அக்காவிடம் வந்து சேர்ந்துவிடும். கழுத்தில் துணியைக் கட்டி, கத்தரிக்கோலைக் கையில் எடுத்ததும் மனிதர்களுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பேச்சு வருமோ.

“சொல்லுடா.”

“‘கோச்சம்மா பெத்த பொண்ணுங்கறதாலதானே அந்தப் பிள்ளை இன்னும் கோல்ல நிக்குது? வேற வீட்டுப் பொண்ணு இத்தனை கோல் விட்டிருந்தா நிக்க விட்டிருப்பாங்களா?’ன்னு கேட்டாரு. காத்துக்கிட்டு உக்காந்திருந்தவங்க எல்லாரும் தலையை ஆட்டினாங்க. அவரும் சேர்ந்து ஆட்டினாரு. ‘நீங்க ஆட்டாதீங்க சார், காது போயிடும்’னு சொன்னேன்.”

சொன்னவர் பேக்கரிக்காரர். அவருடைய மகனும் அவளுடைய அணியில்தான் இருந்தான். ‘பன்னு’ என்றால்தான் பிள்ளைகளுக்குத் தெரியும்.

“அவரு பையன் பந்து பக்கத்துல வந்தா கண்ணை மூடிக்கிறான். அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?”

“அது தியானமாம்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பிரேக் மிதியின் மேல் கால் தானாகத் தாளம் போட்டது. காலையில் எழுந்ததிலிருந்தே அவளுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பல் தேய்க்கும்போதே தண்ணீர்க் குழாய்க்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

சும்மாவா? பதினான்கு வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் பாதியில் வேலை மாற்றிக்கொண்டு போனபோது, பெற்றோர் கூட்டத்தில் எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “நான் பார்த்துக்கறேன்” என்று அவள்தான் கையைத் தூக்கினாள். படிக்கிற காலத்தில் ஆடிய கால்கள். அந்த ஒரு வார்த்தைதான் இன்றுவரை அவளைப் படுத்துகிறது. அன்றிலிருந்து அணி ஒரு ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை. டிராவும் செய்யவில்லை. போன வாரம் ஏழு கோல் வாங்கிவிட்டு, ஏழாவதுக்கு எதிரணிப் பிள்ளைகளோடு சேர்ந்து இவர்களும் கைதட்டினார்கள். கோல் அழகாக இருந்ததாம்.

கடைசிச் சுற்றுக்கு முன்னால் ஒரு புள்ளிகூட எடுக்காத அணியின் இடம், வெளியே காத்திருக்கும் அணிக்குப் போய்விடும். லீக்கின் விதி அது. கடைசிச் சுற்று அடுத்த வாரம். ஆகவே இன்று ஒரு டிராவாவது வேண்டும். தோற்றால் இன்றோடு அணி கலைந்தது.

“பேசாம இன்னிக்கு ஒரு நாள் வேற யாரையாவது கோல்ல நிறுத்திடேன்க்கா. வாய் அடைஞ்சிடும்.”

“யாரை? கிளவுஸைக் கண்டாலே எல்லாம் ஓடுதுங்க. இவ ஒருத்திதான் கேட்டு வாங்கிப் போட்டா. கீப்பர் இல்லாட்டி டீமே இல்லடா.”

“அப்போ அவளைக் கொஞ்சம் நல்லா நடத்து. மூச்சுக்கு முந்நூறு தரம் ‘இடது பக்கம், இடது பக்கம்’னு உயிரை எடுக்கறே.”

“எல்லாக் கோலும் அவளுக்கு இடது பக்கமாத்தானே போகுது! முன்னெல்லாம் அப்படி இல்ல. இப்ப ஒரு மாசமா அந்தப் பக்கம் கதவைத் தெறந்து வெச்சிருக்கா. வாங்க வாங்கன்னு.” அவள் என்ஜினைக் கிளப்பினாள். “இறங்கு. நேரமாச்சு.”

அந்த நடையில் ஒரு திருப்பத்தில், ஜன்னலோரம் இருந்த ஒரு பெரியவர் “அம்மா, சைக்கிள்!” என்று அலறினார். சட்டென்று பிரேக்கை மிதித்தாள். பள்ளிக்கூடப் பையுடன் ஒரு பெண் பஸ்ஸை ஒட்டி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் வந்துகொண்டிருந்தாள். எந்தக் கண்ணாடியிலும் விழாத இடம் அது. பஸ் எவ்வளவு பெரிதோ, அந்த இடமும் அவ்வளவு பெரிது. புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்: கண்ணாடியை மட்டும் நம்பாதே, தலையைத் திருப்பிப் பார்.

சைக்கிள்காரப் பெண் ஒன்றும் நடக்காதது போல முன்னால் போய்விட்டாள். கோச்சம்மாதான் அடுத்த நிறுத்தம் வரை பஸ்ஸை ஊர்ந்து ஓட்டினாள்.

*

மதியச் சாப்பாட்டுக்கு மூன்று பேரும் மேசையில் இருந்தார்கள். கணவன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பத் தயாராக, வெள்ளைக் கோட்டை நாற்காலி முதுகில் மாட்டியிருந்தான். எக்ஸ்-ரே எடுக்கும் வேலை. இன்று அவனுக்கு மதிய ஷிஃப்ட்.

அந்த வீட்டில் இரண்டு சட்டங்கள் உண்டு.

முதலாவது அவள் போட்டது. பயிற்சி தொடங்கிய முதல் நாள், மகள் கோல் கம்பத்தடியிலிருந்து “அம்மா, இங்க பாரேன்!” என்று கூவ, மற்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் “அம்மா, எனக்குப் பசிக்குது” என்று குரல் மாற்றிக் கத்தினான். அன்றே சொல்லிவிட்டாள்: “சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உள்ள வந்துட்டா நான் கோச், நீ கீப்பர். கோட்டுக்குள்ள அம்மா கிடையாது.” மகள் அதைக் கற்பூரம் போலப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் “நீ, வா, போ”. கோட்டுக்குள் “நீங்க, வாங்க, போங்க”. கேட்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அவளுக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டாவது சட்டம் கணவன் போட்டது. தோற்ற ஒரு நாளில் அம்மாவும் பெண்ணும் போட்ட சண்டையில் சாப்பாடு ஆறி, தட்டிலேயே காய்ந்துபோனது. அதன்பிறகு மேசையில் பந்துப் பேச்சு கூடாது. மீறி யார் பேசினாலும் அந்த வேளைப் பாத்திரம் முழுவதும் அவர்தான் கழுவ வேண்டும். முதலில் அம்மாவும் மகளும் மாறி மாறிக் கழுவினார்கள். இப்போது கொஞ்ச நாளாக மகள் மறந்தும் அந்தச் சொல்லை எடுப்பதில்லை. பாத்திரமெல்லாம் அம்மா தலையில்தான்.

“இன்னிக்கு எல்லாரும் அமைதியா இருக்கீங்க” என்றான் கணவன். “பயமா இருக்கு.”

“நான் எதுவும் பேசப்போறதில்ல” என்றாள் அவள். “பேசினா நாலு மணி ஆட்டத்தைப் பத்தித்தான் பேசுவேன்.”

“பாத்திரம்!” என்றான் கணவன்.

“ஆட்டம்னுதானே சொன்னேன்? பந்துன்னு சொல்லலையே!”

“இப்ப சொல்லிட்டே.”

மகள் சிரித்தாள். இடது கையை மேசைக்கு அடியில், மடியில் வைத்திருந்தாள். நல்ல புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை. இந்த வயதில் பிள்ளைகளுக்குத் திடீரென்று ஏதாவது ஒரு பைத்தியம் பிடிக்கும், அவளுக்கு முழுக்கைச் சட்டை என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பாட்டிலை எடுத்த மகள், அதை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, வலது கையால் மூடியைத் திருகினாள்.

“அது என்ன ஸ்டைல்? நேரா உக்காந்து குடி.”

“சும்மாம்மா.” இரண்டு வாய் குடித்துவிட்டு, “அம்மா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றாள்.

“அம்மாகிட்டயா, கோச்கிட்டயா?”

மகள் கொஞ்சம் யோசித்தாள். “கோச்கிட்ட.”

“அப்போ கிரவுண்டுல.”

கணவன் ஒரு கணம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். அவள் பாத்திரங்களைக் கழுவி முடிக்கும் நேரத்தில், ஒரு கிண்ணத்தை இரண்டாவது தடவையாகக் கழுவிக்கொண்டிருப்பது தெரிந்தது.

*

மைதானத்தின் ஒரு மூலையில் புல் இருந்தது. மற்ற இடங்களில் முன்பு இருந்திருக்கலாம். சுண்ணாம்புக் கோட்டைத் தம்பிதான் போட்டிருந்தான். முடி வெட்டுகிற கை என்பதாலோ என்னவோ, கோடு மட்டும் எப்போதும் நேராக இருக்கும்.

பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். ‘அலாரம்’ வரும்போதே கத்திக்கொண்டு வந்தாள். அவளுக்குச் சாதாரணக் குரலே கிடையாது. ‘ஒட்டகம்’ ஒரு காலில் ஷூவும் மறு காலில் செருப்புமாக வந்தான். மறு ஷூவை நாய் தூக்கிப் போய்விட்டதாம்.

“மொத்தமா தூக்கிட்டுப் போச்சா, இல்ல கடிச்சு வெச்சிருக்கா?”

“தெரியல கோச். துரத்தினேன். அது என்னைவிட வேகமா ஓடுச்சு.”

“அந்த நாயைக் கூட்டிட்டு வந்திருக்கலாம்” என்றான் தம்பி. காரில் இருந்து தன்னுடைய பழைய ஷூவை எடுத்து, நுனியில் துணியைத் திணித்துக் கொடுத்தான்.

அவள் இங்கும் அங்கும் நடந்தாள். கூம்புகளை அடுக்கினாள், கலைத்தாள், வேறு மாதிரி அடுக்கினாள். சொல்வதற்கு வைத்திருந்த திட்டங்கள் தொண்டையில் முட்டி மோதின. அவற்றில் எதைச் சொன்னாலும் பிள்ளைகள் “சரி கோச்” என்பார்கள். அந்த “சரி கோச்”தான் அவளைக் கொன்றது. எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னாலாவது காதில் விழுந்திருக்கிறது என்று தெரியும். பந்தைத் துரத்தி எல்லோரும் ஒரே மூட்டையாக ஓடாதீர்கள் என்று நூறு தடவை சொல்லியாயிற்று. “சரி கோச்.” விசில் ஊதியதும் சர்க்கரையைக் கண்ட எறும்புகள்.

மகள் கிளவுஸைப் போட்டுக்கொண்டு அவள் அருகில் வந்து நின்றாள்.

“கோச், ஒண்ணு கேக்கலாமா?”

“சீக்கிரம்.”

“நான் இடது கம்பத்துப் பக்கமா கொஞ்சம் தள்ளி நிக்கட்டுமா? அப்ப எல்லாப் பந்தும் எனக்கு வலது பக்கமா வரும்.”

“எதுக்கு?”

மகள் தரையைப் பார்த்தாள். “சும்மா.”

“சும்மாவுக்கெல்லாம் கோல் தடுக்க முடியாது. வலது பக்கம் பாதிக் கோல் தெறந்து கிடக்கும். உனக்கு இடது பக்கம் பயம் வந்துடுச்சு, அவ்வளவுதான். அதுக்குத்தானே தினமும் எல்லாரும் போன பிறகு உன்னை நிறுத்தி வெச்சு அந்தப் பக்கமே அடிச்சேன்? நடுவுல நில்லு.”

“சரி கோச். நீங்க சொன்னா சரி.”

விசில் ஊதியது.

முதல் கோல் இடது பக்கமாகப் போனது. அப்படி ஒன்றும் வேகமான பந்து இல்லை. மகள் அந்தப் பக்கம் பாய்ந்தாள், ஆனால் கை போகவில்லை. உடம்பு போய், கை பின்தங்கியது. பந்து முழங்கைக்குக் கீழே புகுந்து உருண்டது.

கோட்டுக்கு வெளியே இருந்த பெஞ்சியில் பேக்கரிக்காரர் பெரிதாக மூச்சு விட்டார். அது அவளுக்குக் கேட்க வேண்டும் என்றே விட்ட மூச்சு.

“இடது பக்கத்தை யாருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கே, கீப்பர்?” என்று கத்தினாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மகள் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாவது கோலும் அதே பக்கம். இந்த முறை மகள் ஓரடி இடது பக்கம் தள்ளி நின்றிருந்தாள். “நடுவுல! நடுவுல!” என்று அவள் தொண்டை கிழியக் கத்தவும், நகர்ந்து நடுவே வந்தாள். வந்த நொடியில், விட்டுவந்த இடத்தில் பந்து போய் விழுந்தது.

இடைவேளையில் பேக்கரிக்காரர் கோட்டருகே வந்தார். நல்ல மனிதர்தான், ஆட்ட நாட்களில் எல்லோருக்கும் ரொட்டி கொண்டுவருவார். இன்றும் கையில் ஒரு பை இருந்தது. அதனாலேயே அவரிடம் கோபப்பட முடியாது. அதனாலேயே இன்னும் கோபம் வரும்.

“கோச்சம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு மேல பாசம் இருக்க வேண்டியதுதான். ஆனா இது எல்லாப் பிள்ளைங்களோட டீம். இன்னிக்குப் போச்சுன்னா போச்சு.”

“சொல்லுங்க. யாரை நிறுத்தலாம்?”

“யாரை வேணா.”

“பன்னு! இங்க வா. கீப்பரோட கிளவுஸை வாங்கிப் போடு.”

பன்னு அப்பாவையும் கோச்சையும் கிளவுஸையும் பார்த்தான். முகம் மாவு பூசியது போலாயிற்று. “அப்பா, நான் மாட்டேன்! பந்து மூஞ்சில படும்!”

“டேய், ஒரு அரை மணி நேரம்தானேடா…”

“நீங்க நில்லுங்க அப்போ!”

பேக்கரிக்காரர் பையைத் தரையில் வைத்துவிட்டுப் பெஞ்சிக்குத் திரும்பினார். தம்பி எங்கோ பார்த்துக்கொண்டு மீசையைத் தடவினான். மகள் கிளவுஸைக் கழற்றவும் இல்லை, கொடுக்க நீட்டவும் இல்லை. இடது கையை வலது அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள். முரண்டு பிடிக்கிறாள் என்று அம்மாவுக்குத் தோன்றியது.

“நடுவுல நில்லு” என்றாள் மறுபடியும், இந்தத் தடவை மெதுவாக.

மகள் “சரி கோச்” சொல்லவில்லை.

இரண்டாவது பாதி தொடங்கியதும் மகள் நடந்து போய் இடது கம்பத்துக்கு ஓரடி தள்ளி நின்றுகொண்டாள். நின்றுகொண்டு அம்மாவை நேராகப் பார்த்தாள். முழு மைதானத்தையும் தாண்டி வந்த பார்வை. கோலின் வலது பாதி ஆள் இல்லாத வீடு போலத் திறந்து கிடந்தது.

“பார்த்தியாடா? வேணும்னே பண்றா! எல்லார் முன்னாடியும்!” அவள் கோட்டை ஒட்டி ஓடினாள். “கீப்பர்! கீப்பர்! காது கேக்கலையா?”

“விடுக்கா.”

“எப்படிடா விடறது? அவளை வெளிய எடுக்கப்போறேன்.”

“எடுத்துட்டு யாரை வெப்பே? என்னையா? நான் மொட்டையடிச்சாலும் பதினாலு வயசு மாதிரி இருக்க மாட்டேன்.”

எதிரணிப் பையன் திறந்து கிடந்த பக்கத்தைப் பார்த்தான். யாராக இருந்தாலும் பார்ப்பார்கள். ஓங்கி அடித்தான். மகள் அதற்கு முன்பே கிளம்பியிருந்தாள். பந்து எங்கே வரும் என்று தெரிந்தவள் போல, வலது பக்கமாக நீளப் பறந்து, ஒற்றைக் கையால் தட்டி வெளியே தள்ளினாள்.

பெஞ்சி எழுந்து நின்றது.

அடுத்ததும் அதே பக்கம் வந்தது, அதற்கடுத்ததும். திறந்த வாசலைக் காட்டி எல்லோரையும் அந்த வழியாகவே வரவழைத்தாள். வந்தவர்களை அங்கேயே மறித்தாள். கோட்டுக்கு வெளியே நின்ற அவளுக்குக் கத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. கால்கள் மட்டும் நிற்காமல் கோட்டோரம் அலைந்தன. நிம்மதி வரவில்லை. எங்கோ ஒரு திருகு கழன்று ஓடுகிறது, சத்தம் கேட்கிறது, எங்கே என்று தெரியவில்லை. வண்டி ஓட்டுகிறவளுக்கு அது ரொம்பப் பழக்கமான பயம்.

கீப்பர் தடுத்ததைப் பார்த்து மற்ற பிள்ளைகளுக்கும் ஏதோ ஆயிற்று. அலாரம் “தள்ளு! தள்ளுடா!” என்று கத்திய கத்தலில் எதிரணிக்காரன் தன் ஆள் கத்துவதாக நினைத்துப் பந்தை விட்டுவிட்டான். அவளே எடுத்து ஓடி அடித்தாள். கோல். ஆட்டம் முடிகிற நேரத்தில் ஒட்டகத்தின் கால், துணி திணித்த தம்பியின் ஷூவோடு பந்தில் பட்டது. ஷூ ஒரு பக்கம் பறந்தது, பந்து ஒரு பக்கம் பறந்தது. எதிரணிக் கீப்பர் ஷூவைப் பிடித்தான்.

இரண்டுக்கு இரண்டு.

விசில் ஊதியபோது பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. டிரா செய்தால் எப்படிக் கொண்டாடுவது என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லையே. பன்னு அழுதான். பேக்கரிக்காரர் கோட்டைத் தாண்டி ஓடிவந்து, முதல் ரொட்டியை மகளின் வாயில் திணித்தார். “நீ சிங்கம்டா! நான் ஒரு மடையன்!” என்றார். அவர் முடி வெட்டிக்கொள்ள வரும்போது இதை நினைவூட்ட வேண்டும் என்று தம்பி முடிவு செய்தது அவன் முகத்திலேயே தெரிந்தது.

“கைகுடு மாப்பிள்ளை!” என்று அவன் மருமகளின் இடது கிளவுஸைப் பிடித்து இழுத்தான்.

கிளவுஸ் வரவில்லை. மகள் போட்ட சத்தத்தில் அத்தனை கூச்சலும் அடங்கியது.

அவள் பிள்ளைகளை விலக்கிக்கொண்டு போனாள். “என்ன ஆச்சு?”

“ஒண்ணும் இல்ல கோச்.” மகளின் உதடு வெளுத்திருந்தது. நெற்றி முழுக்க வேர்வை. “ஒண்ணும் இல்ல. லேசா பட்டுடுச்சு.”

அவள் மகளின் தோளில் கைபோட்டு, கூட்டத்திலிருந்து பிரித்து மெல்ல நடத்திக்கொண்டு வந்தாள். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினார்கள். இரண்டடி போனதும் நின்றாள்.

“இப்ப சொல்லு. வலிக்குதா?”

மகள் குனிந்து கோட்டைப் பார்த்தாள். தாண்டியாகிவிட்டதா என்று சரிபார்த்துக்கொள்பவள் போல.

“ரொம்ப வலிக்குதும்மா” என்றாள்.

*

கிளவுஸைத் தம்பி வெட்டினான். எப்போதும் சட்டைப்பையில் இருக்கும் சிறிய கத்தரிக்கோலால், காரின் பின்சீட்டில், வாழ்நாளிலேயே முதல் தடவையாக ஒரு வார்த்தையும் பேசாமல் வெட்டினான். உள்ளே இருந்த மணிக்கட்டு வேறு யாருடையதோ போல வீங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் தொட்டுப் பார்த்து, எக்ஸ்-ரேவுக்குச் சீட்டு எழுதினார். அடித்தளத்தில், நீளமான நடைகூடத்தின் கடைசியில், கணவன் வெள்ளைக் கோட்டுடன் நின்றிருந்தான். வருகிறவர்கள் யார் என்று தெரிந்ததும் அவன் கையில் இருந்த பேனா கீழே விழுந்தது. குனிந்து எடுத்தான்.

“உள்ள நான் கூட்டிட்டுப் போறேன். நீ இங்கயே இரு.”

“நானும் வரேங்க.”

“கூடாதும்மா. எல்லாருக்கும் சொல்றதுதான்.”

கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. தம்பி பெஞ்சியில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கினான். அவளால் உட்கார முடியவில்லை. நடைகூடத்தின் அந்தக் கோடி வரை போனாள். சுவரில் சக்கர நாற்காலிகள் உரசிய கறை ஒரே உயரத்தில் நீண்டு போயிற்று. திரும்பி வந்தாள். விளக்கு இன்னும் எரிந்தது. ஒருவேளை சுளுக்காக இருக்கும். சுளுக்குதான். இன்று கடைசியாக விழுந்தபோது ஆகியிருக்கும். வலது பக்கம்தான் எல்லாப் பந்தும் வந்தது, இடது கை எப்படி… அந்த எண்ணத்தைப் பாதியில் விட்டுவிட்டு, “அவளுக்குத் தாகமா இருக்கும்” என்று தம்பியிடம் சொன்னாள். ஒரு மாடி ஏறிப் போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கினாள். வரும் வழியிலேயே மூடியைத் திருகித் திறந்தாள். திறந்ததும்தான் மதியம் மகள் முழங்காலில் இடுக்கித் திறந்தது கண்முன் வந்தது. படிக்கட்டில் அப்படியே நின்றுவிட்டாள்.

கீழே இறங்கியபோது விளக்கு அணைந்திருந்தது. பெஞ்சியில் தம்பி இல்லை, காரை நகர்த்தச் சொல்லியிருப்பார்கள். எக்ஸ்-ரே அறையின் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. எத்தனையோ வருடப் பழக்கத்தில் கதவைச் சரியாகச் சாத்தாமல் ஒருநாளும் விடாத மனிதன் அவள் கணவன்.

அவள் கதவில் கை வைத்தாள்.

“இது இன்னிக்கு ஆனது இல்லையேடா கண்ணு” என்றது உள்ளே அவன் குரல். “இந்தக் கோடு தெரியுதா? அதைச் சுத்தி வெளுப்பா, புகை மாதிரி இருக்கு பாரு. அது புது எலும்பு. உடம்பு தானா ஒட்டப் பார்த்திருக்கு. ஒட்ட விடாம நீ மறுபடி மறுபடி அடிபட்டிருக்கே. எப்ப ஆச்சு இது?”



“மழை பெஞ்ச அன்னிக்கு. பிராக்டீஸ்ல. கம்பத்துல போய் இடிச்சேன்.”

அவளுக்கு அந்த மழை நினைவிருந்தது. சேற்றில் விழுந்து கிடந்த மகளை நோக்கி இரண்டடி ஓடியதும், மற்ற பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று நின்றதும், நின்ற இடத்திலிருந்தே “எந்திரி கீப்பர், ஒண்ணும் ஆகல” என்று சொன்னதும் நினைவிருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் இடது பக்கமாகவே தான் அடித்த பந்துகள் நினைவிருந்தன. ஒவ்வொன்றுக்கும் மகள் பாய்ந்தாள். ஒவ்வொன்றுக்கும் “சரி கோச்” என்றாள்.

“ஏன்டா சொல்லல? நான் தினமும் இதே வேலைதானே பார்க்கறேன். ஊர் எலும்பையெல்லாம் படம் பிடிச்சுட்டு வீட்டுக்கு வந்து உன் எதிர்ல உக்காந்து சாப்பிட்டேன். என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“சாப்பிடறப்பதானே நீங்க வீட்ல இருப்பீங்க. அப்ப சொன்னா பாத்திரம் கழுவச் சொல்லுவீங்க.” மகள் மூக்கை உறிஞ்சினாள். “ஒத்தைக் கையால எப்படிப்பா கழுவறது?”

உள்ளே ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவன் உட்கார்ந்திருக்க வேண்டும். பாட்டிலில் இருந்து தண்ணீர் அவள் விரல் வழியாக வழிந்து செருப்பில் சொட்டியது. கதவைத் தள்ள வேண்டும் என்று நினைத்தாள். கை அசையவில்லை.

“அப்பா.”

“சொல்லு கண்ணு.”

“அம்மாகிட்ட வேணா சொல்லிக்குங்க. கோச்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கப்பா. அடுத்த வாரம் கடைசி மேட்ச்.”